சோழர் நில அளவையும் ஆனைமங்கலச் செப்பேடுகளும்

மலேசிய நாட்டில் ஒரு துண்டு நிலம் வாங்குவோன் கைக்கு முடிவாக வந்து சேர்வது ஒரு தாள். அதனைக் ‘கிராண்டு’ என்பது தோட்டப்புறத்து வழக்கு. அத்தாளில் மூன்று செய்திகளைக் காணலாம். நிலத்தின் அளவும் எல்லையும் ஒன்று. உடையவன் பெயர் மற்றொன்று. ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த வேண்டிய நிலவரி மூன்றாவது. அளவு, உரிமை, வரி என்னும் இம்மூன்றையும் ஓர் ஏட்டில் பிணைத்து வைக்கும் முறை ஆங்கிலேயர் கொணர்ந்த புதுமை என்று எண்ணுவோர் பலர். ஆயினும், ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கடாரத்து வேந்தன் ஒருவன் பொருட்டுச் சோழநாட்டில் எழுதப்பட்ட ஆவணத்திலேயே இம்மூன்றும் பிணைந்து கிடக்கின்றன. கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலப் பகுதி என்பது வரலாற்றறிஞர் பலர்க்கும் உடன்பாடு. ஆதலின் அவ்வாவணம் தமிழ்நாட்டாரைப் போலவே மலேசியத் தமிழரும் அறிய வேண்டியதொன்று.

அந்த ஆவணந்தான் ஆனைமங்கலச் செப்பேடுகள். ஹாலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தை அவை சென்றடைந்தமையின் லெய்டன் செப்பேடுகள் எனவும் வழங்குகின்றன. பேரேடு, சிற்றேடு என அவை இரு தொகுதிகள். பேரேடு 21 தகடுகள் கொண்டது. ஐந்து தகடுகளில் வடமொழியும் எஞ்சிய பதினாறில் தமிழும் வெட்டப்பட்டுள்ளன. அரசர் புகழ் பாடுவது வடமொழிப் பகுதி. நிலத்தை அளப்பதும் எல்லை கூறுவதும் நெல் கணக்கிடுவதும் தமிழ்ப் பகுதி. சிற்றேடு மூன்றே தகடுகள் கொண்டது. அளவில் சிறிதாயினும் அதில் உள்ள ஒரு செய்தி பேரேட்டின் செய்திகள் எல்லாவற்றினும் கனமானது. அதனைப் பின்னர்க் காண்போம்.

கடாரத்தையும் சீர்விசயத்தையும் ஆண்ட சைலேந்திர மரபினனாகிய சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் எடுக்கத் தொடங்கினான். அவன் மகன் மாறவிசயோத்துங்கவர்மன் அதனை முடித்துத் தந்தையின் பெயரால் சூளாமணி விகாரம் என வழங்கச் செய்தான். கடல் கடந்து வரும் கடாரத்து வணிகர் தங்கி வழிபடும் இடமாக அது விளங்கியிருத்தல் வேண்டும். விகாரம் நின்றால் போதாது. விளக்கெரியவும் துறவியர் உண்ணவும் வருவாய் வேண்டும். அதன்பொருட்டு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்து ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான்.

அளித்தது என்ன? ‘ஊரை அளித்தான்’ என்று பாடநூலில் ஒரு வரியாகப் படித்துவிட்டு அப்பால் செல்வது மாணவர் வழக்கம். ஆசிரியரும் பெரும்பாலும் அவ்வளவில் விட்டுவிடுகின்றனர். உண்மையில் அரசன் அளித்தது மண்ணன்று. அவ்வூர் நிலம் 97 வேலியும் அதற்கு மேற்பட்ட சில கீழ்வாய்ப் பின்னங்களும் ஆகும். அந்நிலத்திற்கு அரசு விதித்திருந்த வரி 8,943 கலம், இரு தூணி, ஒரு குறுணி, ஒரு நாழி நெல். இதற்குக் காணிக்கடன் என்பது செப்பேட்டுப் பெயர். காணி உடையவன் அரசனுக்குப் பட்டிருக்கும் கடன் அது. அந்தக் கடனைத் தனக்குச் செலுத்தாமல் விகாரத்திற்குச் செலுத்துக என்பதே அரசன் ஆணை. நிலத்தை உழுதவன் உழுதுகொண்டே இருப்பான். நெல் போய்ச் சேரும் களஞ்சியம் மட்டும் மாறும்.

அந்த நெற்கணக்கை நாழிக்கு மாற்றிப் பார்த்தல் நன்று. எட்டு நாழி ஒரு குறுணி. நான்கு குறுணி ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலம் ஒன்றுக்கு 96 நாழி. ஆனைமங்கலத்தின் வரி 858,601 நாழி ஆகிறது. எட்டரை இலட்சம் நாழிக்கு மேல் நெல் அளந்து கொட்டும் ஊரில், கடைசியில் நிற்கும் அந்த ஒரு நாழியையும் விடாது செம்பில் வெட்டியிருக்கின்றனர். இது வெறும் பிடிவாதமா, அன்றி இதன்பின் ஒரு முறை இருந்ததா என்று கேட்டல் தகும். முறை இருந்தது. அதன் பெயர் நில அளவை.

உலகளந்த கோல்

ஆனைமங்கலம் கைமாறுவதற்கு ஐந்தாண்டுகட்கு முன், 1001ஆம் ஆண்டளவில், இராசராசன் தன் நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். அப்பணிக்குத் தலைமை தாங்கியவன் சேனாபதி குரவன் என்பான். வேலை முடிந்தபின் அவனுக்கு ‘உலகளந்தான்’ என்ற பட்டமும் இராசராச மாராயன் என்ற சிறப்புப் பெயரும் வழங்கின. மூவடியால் உலகளந்த திருமாலின் பெயரை ஓர் அளவை அதிகாரிக்குச் சூட்டியதில் சோழர் காலத்தாருக்கு இருந்த நகைச்சுவையும் பெருமிதமும் ஒருங்கே தெரிகின்றன.

அளந்த கோல் 16 சாண் நீளமுடையது. அதற்கு முன்னும் பின்னும் 12 சாண் கோலும் 18 சாண் கோலும் பற்பல ஊர்களில் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கோலின் நீளத்தைக் கோயிற்சுவரில் இரு குறிகட்கு இடையே வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. ஐயம் எழுந்தால் கோலைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்கொரு கோல் இருக்கும்வரை ஒரே வரி என்பது பெயரளவில்தான் நிற்கும். நீண்ட கோலால் அளந்தால் நிலம் குறையும், வரியும் குறையும். குறுங்கோலால் அளந்தால் அதே வயல் பெருகிவிடும். கோலைக் கையில் வைத்திருப்பவனே வரியை நிருணயிப்பவன் என்பது இதன் பொருள்.

சாண் ஒன்றுக்கு 9 அங்குலம் என்று கொள்க. 16 சாண் கோல் 12 அடி ஆகும். கோல் நீளமும் கோல் அகலமும் உள்ள இடம் ஒரு குழி. அது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. ஆகவே ஒரு வேலி 288,000 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 6.6 ஏக்கர். தஞ்சை வட்டாரத்து உழவர் பிற்காலத்தில் வேலி என்று வழங்கிய அளவும் இதுவே. மாவுக்கு 128 குழியும் 256 குழியும் கொண்ட ஊர்கள் வேறு இடங்களில் இருந்தன; அவற்றின் கணக்கு வேறு. மேற்சொன்ன கணக்கின்படி ஆனைமங்கலத்தின் 97 வேலி ஏறத்தாழ 640 ஏக்கர். ஒரு சதுர மைல் பரப்பு. மலேசியாவில் நடுத்தரமான ஒரு ரப்பர்த் தோட்டத்தின் அளவு என்று சொன்னால் தோட்டப் பள்ளி மாணவனுக்கும் எளிதில் விளங்கும்.

கீழ்வாய் இலக்கங்களைப் பற்றியும் ஒரு சொல். பழைய திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடி ஓதியபோது முந்திரி, அரைக்காணி, காணி, மா என்று கூவிப் படித்தனர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அரைக்காணி 160இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. முந்திரியை மீண்டும் 320ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி. அது 102,400இல் ஒரு பங்கு. ஒரு வேலியில் கீழ்முந்திரி என்பது மூன்று சதுர அடிக்கும் குறைந்த இடம்; ஒருவன் படுத்தெழ ஒரு பாய் விரிக்கவும் அது போதாது. இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் அதற்கும் கீழே செல்கின்றன. வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்குவரை நிலம் கணக்கிடப்பட்டிருப்பதாக அறிஞர் காட்டியுள்ளனர். அது ஒரு சதுர அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதனைச் சொல்லிச் சோழர்கள் மயிரிழையையும் அளந்தனர் என்று மேடையில் முழங்குவோர் உளர். கழனியின் சேற்றில் 12 அடிக் கோலைப் புரட்டிப் புரட்டி அளப்பவன் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காண முடியாது. அஃது அளவையின் நுட்பம் அன்று; கணக்கின் நுட்பம். நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, பல வயல்களைக் கூட்டி, கழிக்க வேண்டியவற்றைக் கழித்தபோது வந்த பின்னத்தைக் கணக்கன் வெட்டி எறியவில்லை. வெட்டினால் அது எவன் பங்கில் வெட்டப்பட்டது என்ற வழக்கு வரும். அவ்வழக்கு எழாமல் காப்பதற்கே அத்தனை பின்னங்களும். தசமத்தில் எத்தனை இடம் வைப்பது என்று தடுமாறும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

நீக்கிய நிலம்

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களின் கணக்கு அக்கோயிலின் கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஊருக்கும் கணக்கு ஒரே போக்கில் செல்லும். முதலில் அளந்துகண்ட மொத்த நிலம். அடுத்து, அதில் வரி விதிக்கத்தகாத இடங்கள். அவற்றை நீக்கி எஞ்சிய நிலம் மூன்றாவது. அந்நிலத்திற்குரிய நெல் நான்காவது. இந்நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டது. வேலிக்கு ஏறத்தாழ நூறு கலம் என்பது அங்குக் காணும் வீதம். ஆனைமங்கலத்தில் அது தொண்ணூற்றிரண்டு கலத்தளவில் நிற்கிறது.

நீக்கியவற்றின் பட்டியலே மிகவும் கருதத்தக்கது. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு முதலியன அதில் வருகின்றன. விளையாத நிலத்துக்கு வரி இல்லை என்பது நேர்மையான கொள்கை. வாய்க்கால் ஓடும் இடத்திற்கும் வயலுக்கும் ஒரே வரி கேட்ட அரசுகள் உலகில் இருந்தன. அந்த வகையில் சோழரின் கழிவு முறை பாராட்டத்தக்கதே. குடியிருக்கும் மனைக்கும் குடிக்கும் நீருக்கும் வரி கேட்கவில்லை.

ஆனால் இவ்விடங்கள் அனைத்துக்கும் கல்வெட்டு சூட்டும் பெயர் ஒன்றே. அஃது இறையிலி. கோயில் நிலமும் இறையிலி, சேரியும் இறையிலி. சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. கோயிலுக்கு இறையிலி என்றால் பேறு. அரசன் தன் பங்கை விட்டுக்கொடுத்தான் என்பது அதன் பொருள். சேரிக்கு இறையிலி என்றால் அங்குக் காணி இல்லை, ஆதலின் காணிக்கடனும் இல்லை என்பது பொருள். கம்மியனும் பறையனும் வாழ்ந்த தெரு கணக்கில் சுடுகாட்டின் அருகே ஒரு கழித்தற் குறியாக நிற்கிறது. வரி கட்டாதவனுக்கு நாட்டில் சுமை இல்லை என்று மேலோட்டமாகத் தோன்றும். காணியில்லாதவனுக்கு ஊரவையில் இடமில்லை, நிலத்தை விற்கவோ ஒற்றி வைக்கவோ உரிமையில்லை என்பதை உடன்வைத்து நோக்கினால் அச்சொல்லின் மறுபக்கம் புலனாகும்.

வரியும் உரிமையும் இவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றமைக்கு இராசராசனின் மற்றோர் ஆணையும் சான்று. அவனது 24ஆம் ஆட்சியாண்டில், 1009இல், பிறந்த அவ்வாணை தொண்டை நாட்டு உக்கல் என்னும் ஊரில் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. பார்ப்பனர், வைகானசர், சமணர் ஆகியோரின் ஊர்களில் காணி உடையோர், ஊரார் செலுத்தும் இறையைத் தாம் இரண்டு ஆண்டு முழுதும் செலுத்தாது நின்றால், அவர் நிலத்தை ஊராரே விற்றுவிடலாம் என்பது அதன் சாரம். உயர்ந்த நிலையினர் என்பதற்காக விலக்குக் கிடைக்கவில்லை. வரி செலுத்துவதே உரிமைக்குச் சான்று. செலுத்தாமை உரிமைக்கு முடிவு. இன்று மலேசியாவிலும் நிலவரி செலுத்தாது விட்டால் நிலம் அரசுக்கு மீளும் என்று சட்டம் இருப்பதை நில உடைமையாளர் அறிவர்.

பிடி சூழ்ந்த எல்லை

அரசன் வாய்மொழிந்தவுடன் ஊர் கைமாறிவிடுவதில்லை. 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாள், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையின் தெற்கு மண்டபத்தில் வீற்றிருந்தபோது இராசராசன் ஆனைமங்கலத்தைப் பற்றி ஆணையிட்டான் எனப் பேரேடு தொடங்குகிறது. அதை ஓலை எழுதுவோன் எழுதினான். ஓலைநாயகம் ஒப்பமிட்டான். பின்னர் அது புரவுவரித் திணைக்களத்துக்குச் சென்றது. அங்கே வரிப்பொத்தகம் வைத்திருப்போர், வரியிலிடுவோர், முகவெட்டி, பட்டோலை எனப் பல நிலையினர் இருந்தனர். ஒருவன் பதிவேட்டை எடுத்துக் கொடுப்பான், மற்றொருவன் படிப்பான், வேறொருவன் எழுதுவான். அனைவர் பெயரும் ஏட்டில் இடம்பெறும். தவறு நேர்ந்தால் யார் கையில் நேர்ந்தது என்று காண வழியிருந்தது. இன்றைய அலுவலகங்களில் ஒரு கோப்பின்மேல் ஏறும் கையொப்பங்களை எண்ணிச் சலித்துக்கொள்வோர் இதனைப் படித்தால் ஆறுதல் அடையலாம்.

திணைக்களத்து வேலை முடிந்தபின் ஆணை பட்டனக் கூற்றத்து நாட்டாரிடம் சென்றது. அவர்கள் அரசனது திருமுகத்தை எதிர்சென்று தொழுது, தலைமேல் வைத்து ஏற்றனர். பின்னர் ஒரு பெண்யானையை ஊரின் எல்லைவழியே நடத்தினர். அதிகாரியும் நாட்டாரும் எல்லையறிந்த ஊரவரும் அதனுடன் நடந்தனர். நடந்த வழியில் கல் நட்டனர், கள்ளிச்செடி ஊன்றினர். அதன்பின்னரே அறவோலை எழுதப்பட்டது. இந்நிகழ்ச்சிக்குப் பிடி சூழ்தல் என்று பெயர்.

யானை எதற்கு? சடங்கு என்று கூறி ஒதுக்குதல் எளிது. எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் எல்லையை மனத்தில் பதியவைக்க யானையைவிடச் சிறந்த எழுத்து இல்லை. அன்று வரப்பின்மேல் நின்று வேடிக்கை பார்த்த எட்டு வயதுச் சிறுவன் எழுபது வயதில் சாட்சி சொல்வான், ‘யானை இந்த வாய்க்காலுக்கு அப்பால் போகவில்லை’ என்று. கல்லைப் பெயர்த்து நடலாம், கள்ளியை வெட்டலாம், ஓலையைச் செல் அரிக்கும். ஊரார் நினைவை அவ்வளவு எளிதில் திருத்த முடியாது. கல், செடி, ஓலை, நினைவு என நான்கு பூட்டுகளைப் போட்டுத்தான் ஓர் எல்லையை நிறுத்தினர்.

எல்லை கூறும் பகுதி கீழ்ப்பால், தென்பால், மேல்பால், வடபால் என்று முறையே சுற்றிவரும். அண்டையூர்களின் பெயர்களும் வாய்க்கால்களின் பெயர்களும் அதில் வரும். அதற்குள் அடங்கியவற்றை எண்ணும்போது ஏட்டை எழுதியவனுக்குக் கை ஓயவில்லை. நன்செய், புன்செய், மனை, கடைத்தெரு, கன்று மேயும் பாழ்நிலம், குளம், கிணறு, புற்று, களர், ஆற்றுப்படுகை, மீன் வாழும் பள்ளம், தேன் கட்டும் பொந்து என்று நீண்டு, உடும்பு ஓடும் இடமும் ஆமை தவழும் இடமும்வரை செல்கிறது. மரங்கள் மேல்நோக்கியவை, கிணறுகள் கீழ்நோக்கியவை என்றுகூடச் சொல்லிவைக்கிறது. பின்னாளில் வழக்காடுவோன் நுழைய ஒரு சந்தும் விடாத எழுத்து அது.

ஊர் பெற்ற உரிமைகளும் சுவையானவை. சுட்ட செங்கல்லால் மாடம் எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், செண்பகமும் செங்கழுநீரும் மருவும் பயிரிடலாம், பெரிய செக்கு இடலாம். இவற்றை உரிமையாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது என்பதிலிருந்து, உரிமை பெறாத ஊரில் ஓட்டு வீடு கட்டவும் ஒருவன் தயங்கியிருப்பான் என்று உணரலாம். இவ்வூர்த் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறிக் கள் இறக்கக் கூடாது என்ற தடையும் உண்டு.

நெல் அல்லாத சில்லறை வரிகளும் விகாரத்துக்கே சென்றன. அவற்றின் பெயர்களை வாய்விட்டுப் படித்தால் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஓர் ஊர் கண்முன் எழும். மணம் முடிப்போன் கொடுப்பது கண்ணாலக்காணம். குயவன் கொடுப்பது குசக்காணம். வண்ணான் துவைக்கும் கல்லுக்கு வண்ணாரப்பாறை. நெய்வோன் தறிக்குத் தறிப்புடவை. பொற்கொல்லனுக்குத் தட்டாரப்பாட்டம். ஆடு வளர்ப்போனுக்கு ஆட்டுக்கிறை. ஓடம் விடுவோனுக்கு ஓடக்கூலி. குயவனும் வண்ணானும் தட்டானும் அவ்வூரில் வாழ்ந்தனர் என்பதை அறிவிப்பது அவர்கள் செலுத்திய வரியே. அவர்தம் பெயர் ஒன்றும் வரவில்லை.

காணியாளர்

இராசராசன் வாய்மொழியாக அளித்ததை நிலைபெறச் செம்பில் வெட்டுவித்தவன் அவன் மகன் இராசேந்திரன். தந்தை கொடுத்த அறத்தை மகன் காத்தான். அதே இராசேந்திரன் 1025இல் கடல்மீது படை செலுத்திக் கடாரத்தைத் தாக்கினான். சங்கிராமவிசயோத்துங்கவர்மன் என்னும் கடாரத்தரசனை வென்றதை அவன் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. கடாரத்தார் எடுத்த விகாரத்துக்கு நாகப்பட்டினத்தருகே நெல் அளந்துகொண்டிருக்க, அக்கடாரத்தின்மீதே கப்பல்கள் சென்றன. ஆயினும் அறக்கொடை அழியவில்லை. சாசனம் ஒருமுறை முறைப்படி எழுதப்பட்டுவிட்டால் அரசரிடையே மூண்ட போரும் அதனைத் தீண்டவில்லை என்பது சிற்றேட்டால் விளங்கும்.

1086இல் முதற் குலோத்துங்கன் நாட்டை மீண்டும் அளந்தான். இம்முறை கோலுக்கு அரசன் திருவடி அளவாயிற்று, சீபாதக்கோல் எனப்பட்டது. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து ‘டூம்ஸ்டே’ என்னும் ஏட்டில் ஏற்றியதும் அதே 1086ஆம் ஆண்டில்தான். ஒருவரையொருவர் அறியாத இரு அரசர் ஒரே ஆண்டில் ஒரே வேலையைச் செய்தனர். ஆங்கில நாட்டினர் அவ்வேட்டை ஆயிரம் முறை எடுத்துப் பேசுகின்றனர். சோழனின் அளவை பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் அரைப்பக்கம் கிடைத்தால் பெரிது.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1090இல், கடாரத்து வேந்தனின் தூதர் இருவர் குலோத்துங்கனிடம் வந்தனர். இராசவித்தியாதர சாமந்தன் ஒருவன். அபிமானோத்துங்க சாமந்தன் மற்றவன். அவர்கள் இரண்டு வேண்டுகோள் வைத்தனர். விகாரத்துக்குரிய ஊர்களில் அந்தராயம், வீரசேசை, குந்தாலி முதலிய சில வரிகளை நீக்கித் தர வேண்டும் என்பது ஒன்று. மற்றது, அவ்வூர்களில் முன்பு காணியுடையவராக இருந்தோரைத் தவிர்த்து, பள்ளிச் சங்கத்தாருக்கே காணியாகச் செப்பேடு செய்து தரவேண்டும் என்பது. அரசன் இரண்டையும் இசைந்தான். அதுவே சிற்றேடு.

முதல் வேண்டுகோளைப் பாடநூல்கள் கூறும். சுங்கம் தவிர்த்த சோழனின் பெருந்தன்மைக்கு அது பொருத்தமாக இருக்கிறது. இரண்டாவதைப் பெரும்பாலோர் கூறுவதில்லை. 1006இல் விகாரம் பெற்றது காணிக்கடன். 1090இல் பெற்றது காணியே. அந்த எண்பத்து நான்கு ஆண்டுகளில் மூன்று நான்கு தலைமுறையினர் அந்நிலத்தை உழுது, தவறாது கடன் செலுத்தியிருப்பர். செலுத்தியதே உரிமைக்குச் சான்று என்பது நாட்டு வழக்கம். அவர்கள் வரிநிலுவை வைத்தனர் என்றோ குற்றம் புரிந்தனர் என்றோ சிற்றேடு ஒரு சொல்லும் கூறவில்லை. ‘தவிர’ என்ற ஒரு சொல்லால் காணி கைமாறிவிட்டது. அதன்பின் அவர்கள் ஊரைவிட்டுப் போயினரா, தம் வயலிலேயே கூலிக்கு உழுது நின்றனரா என்பது ஏட்டுக்கு வேண்டாத செய்தி. எவர் உழுதாலும் நெல் அளவு மாறாது. யானை நடந்த எல்லை அப்படியே இருந்தது. 97 வேலியில் ஒரு முந்திரியும் குறையவில்லை.

நில ஆவணத்தின் இயல்பு இது. மண்ணை எவ்வளவு நுட்பமாகப் பதிந்தாலும், பதிவேடு யார்பொருட்டுத் திறக்கப்படுகிறதோ அவர் பெயரையே அது அறியும். மலாய் மாநிலங்களுக்கு வந்த புதுமுறையும் இவ்வியல்புக்கு விலக்கன்று. தென் ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் 1858இல் நடைமுறைக்குக் கொணர்ந்த முறையை, சிலாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த மாக்ஸ்வெல் 1891இல் அம்மாநிலத்தில் புகுத்தினார். பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. அரசின் பதிவேட்டில் எவன் பெயர் உண்டோ அவனே உடையவன் என்பது அதன் சாரம். 1897இலும் 1911இலும் அது கூட்டு மலாய் மாநிலங்களுக்கு விரிந்தது. 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம் அதனைத் தீபகற்பம் முழுமைக்கும் பொதுவாக்கியது. பொய்ப் பத்திரத்தால் ஏமாறுவோர் தொகை இதனால் குறைந்தது என்பதில் ஐயமில்லை. இராசராசனின் திணைக்களத்தார் கண்டிருந்தால் இதனை மெச்சியிருப்பர்.

ஆனால் 1950ஆம், 1960ஆம் ஆண்டுகளில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, நிலம் பதிவேட்டில் முறைப்படி ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறியது. எல்லைக் கற்கள் அசையவில்லை. லயங்களில் பிறந்து, அங்கேயே மரம் வெட்டி, அங்கேயே பெற்றோரைப் புதைத்தவர்களுக்குப் பெட்டியைக் கட்டச் சொல்லி ஆள் வந்தது. லயம் நின்ற இடமும் கோயில் நின்ற இடமும் இடுகாடும் தோட்டத்தின் ஏக்கர்க் கணக்கில் அடங்கியவையே. தஞ்சைக் கல்வெட்டில் உள்ளதுபோலத் தனியாக நீக்கி எழுதப்பட்டவையுமல்ல. தொழிலாளர் பணம் சேர்த்துத் தாமே தோட்டம் வாங்கலாம் என்று சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதன் பின்னணி இது. பதிவேட்டில் பெயர் ஏறினாலொழிய வேறு காப்பு இல்லை என்பதை அவர் கண்டிருந்தார். வாங்க முடிந்த தோட்டங்கள் சில, முடியாதவை பல.

சூளாமணி விகாரம் இன்று இல்லை. நாகப்பட்டினத்தில் அதன் எச்சமெனக் கருதப்பட்ட பழைய செங்கற் கோபுரத்தை, கடலிலிருந்து வரும் மாலுமிகள் நெடுங்காலம் அடையாளமாகக் கண்டு வந்தனர். அதுவும் 1867இல் இடிக்கப்பட்டது. எஞ்சியவை செப்பேடுகளே. அவற்றில் ஆணையிட்ட அரசன் பெயர் உண்டு. ஓலை எழுதியோர், வரியிலிட்டோர் பெயர்கள் உண்டு. தகட்டில் எழுத்து வெட்டியோர் பெயர்களும் உண்டு. வேண்டுகோள் கொணர்ந்த தூதர் இருவர் பெயரையும் சிற்றேடு விடாது சொல்கிறது. காணியை இழந்தவர் அனைவருக்கும் சேர்த்து அவ்வேட்டில் கிடைத்திருப்பது ‘காணியாளர்’ என்னும் ஒரு சொல்.